விண்டோஸ் 10-ஆ 11-ஆ, ஹோமா ப்ரோவா: ஃபார்மேட் அடிக்கும் முன்

"விண்டோஸ் 10 நல்லாத்தானே ஓடுது" என்று அப்படியே விட்டுவைப்பவர்கள் ஏராளம். அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. அதன்பிறகு, பதிவு செய்துகொண்ட வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்குப் பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2026 அக்டோபர் 13 வரை என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது.

'11 ஏறாது' என்ற செய்தியைப் பார்த்ததும் மெஷினையே மாற்ற நினைப்பது அதைவிடச் செலவு பிடிக்கும் தவறு. இன்டெல் 8-ஆம் தலைமுறை அல்லது ரைசன் 2000 வரிசைக்குப் பிந்தைய அசெம்பிள்டு பிசி என்றால், 11 கேட்கும் டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் சிப் வசதி) பெரும்பாலும் உள்ளேயே இருக்கும். பயாஸில் (விண்டோஸ் எழும்பும் முன் திறக்கும் மதர்போர்டு செட்டிங்ஸில்) அணைந்து கிடக்கும். அதை இன்டெல் போர்டில் பிடிடி (PTT), ஏஎம்டி போர்டில் எஃப்டிபிஎம் (fTPM) என்ற பெயரில் தேடி ஆன் செய்யுங்கள்.

அடுத்து பூட் மோடு, அதாவது கம்ப்யூட்டர் எழும்பும் முறை. 11-க்குப் பழைய லெகசி முறை போதாது, புதிய யுஇஎஃப்ஐ வேண்டும். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். டிஸ்க் எம்பிஆர் முறையில் (பழைய பார்ட்டிஷன் அமைப்பு; யுஇஎஃப்ஐ-க்கு வேண்டியது ஜிபிடி) இருக்கும்போது பயாஸில் லெகசியை யுஇஎஃப்ஐ ஆக்கினால் விண்டோஸ் எழும்பாது. பதறிப்போய் ஃபார்மேட் அடித்துவிடுகிறார்கள். முதலில் பேக்கப். பிறகு விண்டோஸோடு வரும் எம்பிஆர்2ஜிபிடி (mbr2gpt) கட்டளையில் 'வேலிடேட்' (மாற்ற முடியுமா என்ற சோதனை), அது தேறினால் 'கன்வர்ட்' (மாற்றம்). பயாஸில் கைவைப்பது அதற்குப் பிறகுதான். டி, இ டிரைவ்கள் லாஜிக்கல் பார்ட்டிஷனாக (எம்பிஆர் டிஸ்க்கில் எக்ஸ்டென்டெட் பகுதிக்குள் பிரித்த உட்பகுதியாக) இருந்தால் வேலிடேட்டே தோற்கும். அவற்றின் டேட்டாவை வெளியே எடுத்துவைத்து, பார்ட்டிஷனை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டவேண்டும்.

11-இன் ஹார்டுவேர் சோதனையை ஏமாற்றி 4-ஆம் தலைமுறை ஐ3-இல் 11-ஐ ஏற்றலாம்தான். ஆனால் அடுத்தடுத்த பதிப்புகள் தானாக வராது. இன்னும் பழைய கோர் 2 டுவோவில் 11-இன் 24எச்2 பதிப்பு பூட்கூட ஆகாது. பிரவுசர் மட்டும் போதுமென்றால் அதில் ஒரு எஸ்எஸ்டி போட்டு லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஓஎஸ்ஸை ஏற்றுவது மேல்.

விண்டோஸ் ஹோம் பதிப்போடு வந்த லேப்டாப்பில் 'ப்ரோதான் பெஸ்ட்' என்று கள்ளத்தனமாக ஏற்றித் தருவது இன்னொரு வழக்கம். ப்ரோவில் கூடுதலாக இருப்பவை பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டும் வசதி) நிர்வாகம், வெளியிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப்பில் உள்ளே வரும் வசதி, ஹைப்பர்-வி (கம்ப்யூட்டருக்குள் இன்னொரு மெய்நிகர் கம்ப்யூட்டர் ஓட்டுவது), குரூப் பாலிசி (செட்டிங்ஸை விதிகளாகக் கட்டுப்படுத்துவது). வேகம் ஒன்றுதான். செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து பாருங்கள். 'உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சர்வீஸ்' என்று இருந்தால் (வீட்டில் ஏது நிறுவனம்?) அது 180 நாளுக்கொருமுறை புதுப்பிக்கவேண்டிய குறுக்குவழி. உங்கள் அசல் ஹோம் கீ மதர்போர்டிலேயே இருக்கிறது. ஹோமைத் திரும்ப ஏற்றி நெட்டில் இணைத்தால் தானே ஆக்டிவேட் ஆகிவிடும்.