உமியைக் கலந்துவிட்டால் மட்டும் போதாது

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் மக்கும் பிளாஸ்டிக்கில் ஏதாவது செய்து பார்க்கலாம் என்று இறங்குபவர்கள் முதலில் போடுவது விலைக் கணக்கு. பிஎல்ஏ (தாவர மாவுச்சத்து, சர்க்கரையிலிருந்து செய்யும் மக்கும் பிளாஸ்டிக்) குருணை விலை கூடுதல். அதில் கலக்கும் அரைத்த உமியும் கடலை ஓடும் சீமைக் கருவேல மரத்தூளும் மலிவு. 100 கிலோவில் 30 கிலோ தூளாக இருந்தால் செலவு இறங்கும். கணக்கில் தப்பில்லை. வில்லங்கமெல்லாம் மெஷினில் போட்ட பிறகுதான், அதிலும் பெரும்பாலும் ஈரத்தால்.

நம்மூர் வெயிலில் காய்ந்த உமி கையில் எடுத்தால் கலகலவென்று இருக்கும். ஆனாலும் அதன் எடையில் ஏறக்குறைய பத்து சதவீதம் ஈரம் உள்ளேயே நிற்கும். பிஎல்ஏ என்பது நீளமான மூலக்கூறுச் சங்கிலி. உருகும் சூட்டில் தண்ணீர் சேர்ந்தால் அந்தச் சங்கிலி துண்டு துண்டாக அறுந்துவிடும். அதனால்தான் மெஷினுக்குப் போகும் பிஎல்ஏவில் ஈரம் 0.025 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறார்கள். குருணையை அவ்வளவு பக்குவமாக உலர்த்திவிட்டு, கூடவே பத்து சதவீத ஈரமுள்ள தூளைக் கொட்டினால் உலர்த்தியதே வீண்.

எக்ஸ்ட்ரூடர் என்பது பிளாஸ்டிக்கை உருக்கி ஸ்க்ரூவால் தள்ளும் மெஷின்; அதன் டையிலிருந்து, அதாவது வாய்த்துளையிலிருந்து, வரும் இழையைப் பார்த்தாலே தெரியும். ஈரம் இருந்தால் சடசடவென்று ஆவி தெறிக்கும், இழை சொரசொரப்பாக வரும். ஆறிய பின் ஒடித்துப் பாருங்கள்: வெட்டு முகமெங்கும் ஊசி குத்தியது போல ஓட்டைகள். தூளை 100 டிகிரியை ஒட்டிய சூட்டில் ஓவனில் வைத்து, எடை குறைவது நிற்கும்வரை உலர்த்த வேண்டும். சூடு ஆறுவதற்குள் காற்றுப் புகாத டிரம்மில் மூடிவிட வேண்டும். சாக்கில் கட்டி வைத்தால் ராத்திரிக் காற்றிலேயே ஈரத்தைத் திரும்பக் குடித்துவிடும்.

உலர்த்துவதிலும் ஒரு சிக்கல் உண்டு. புதுக் குருணை 80 டிகிரி தாங்கும். மெஷினில் மிஞ்சி, அரைத்துத் திரும்பப் போடும் பிஎல்ஏ பெரும்பாலும் படிகமாகாதது, அதாவது மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கப்படாதது. 60 டிகிரியை ஒட்டியே இளகி டிரையருக்குள் கட்டியாகிவிடும். அதற்குச் சூட்டைக் குறைத்து நேரத்தைக் கூட்டுங்கள்.

அடுத்த தவறு உருக்கும் சூடு. பிஎல்ஏ உருக 170 டிகிரி அளவு தேவை. தாவரத் தூளோ 200ஐ நெருங்கினாலே கருகத் தொடங்கும். இடையில் இருக்கும் சந்து சிறியது. பொருள் காபிக் கொட்டை நிறத்துக்குப் போனால் அது 'இயற்கை நிறம்' இல்லை, கருகல்.

உமி வாங்கும் இடத்தையும் பாருங்கள். பழைய ஹல்லர் மில்லில் உமியும் தவிடும் கலந்தேதான் வரும். தவிட்டில் எண்ணெய் இருக்கிறது. அது பிளாஸ்டிக்குக்கும் தூளுக்கும் நடுவே புகுந்து ஒட்டவிடாது, சூட்டில் வாடையும் அடிக்கும். தவிடு பிரிந்த சுத்தமான உமியில் வேறு தொல்லை: எரித்தால் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குச் சாம்பல் மிஞ்சும், அதில் பெரும்பகுதி சிலிக்கா. ஸ்க்ரூவையும் டையையும் அது தேய்த்துக்கொண்டே இருக்கும். மலிவு என்று கணக்குப் போடும்போது ஸ்க்ரூ மாற்றும் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தூள் சேர்த்தால் வலு கூடும் என்று பலரும் நம்புகிறார்கள். விறைப்பு கூடும், இழுவலிமையும் அடி தாங்கும் திறனும் பொதுவாகக் குறையும். பிஎல்ஏ ஏற்கெனவே நொறுங்கும் ரகம். வலு வேண்டுமானால் தேங்காய் நார், பனை நார் போல நீளமான நார் வேண்டும்; அதையும் மாவாக அரைத்துவிட்டால் நாரின் பலன் போச்சு. நாரைக் காரக் கரைசலில் ஊறவைத்து அலசுவதும், இரண்டையும் ஒட்டவைக்கும் இணைப்பான் கொஞ்சம் சேர்ப்பதும் உதவும். அளவை எப்போதும் எடையில் சொல்லுங்கள், படியில் வேண்டாம். உமித்தூள் பொசுபொசுவென்று இடத்தை அடைக்கும்.

வெப்பத்தை மறந்துவிடாதீர்கள். சாதாரண பிஎல்ஏ 60 டிகிரியை ஒட்டி இளகும், உமி மட்டும் அதைக் காப்பாற்றாது. மே மாதம் மூடிய வேனில் வைத்த தட்டு வளைந்துதான் வரும். சூடான சாம்பாருக்கு யோசிக்கவே வேண்டாம். (பலகாரம் வைத்துக் கொடுக்கத்தான் என்றால், பனையோலைக் கொட்டான் இருக்க இந்தப் பாடு எதற்கு என்பது என் கட்சி.)

கடைசியாக, பெரிய ஏமாற்று: பாலித்தீனில் உமியைக் கலந்து 'மக்கும்' என்று விற்பது. உமி மக்கும், பாலித்தீன் பொடிப்பொடியாக மண்ணில் கிடக்கும். பிஎல்ஏவும்கூட 58 டிகிரி அளவில் நடக்கும் தொழில்முறை உரக்கிடங்கில்தான் சீக்கிரம் மக்கும். கொல்லைக் குப்பைக் குழியில் வருடக்கணக்கில் அப்படியே இருக்கலாம். உரமாக மக்கும் என்று விற்க மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் வேண்டும். பிஎல்ஏ விற்றவரிடம் இருக்கும் சான்றிதழ் உங்கள் கலவைக்குச் செல்லும் என்று இருந்துவிடாதீர்கள். தடிமன் கூடினால் சிதைவது தாமதமாகும். ஆகவே சோதனைக்கு மெல்லிய தகட்டை அனுப்பிவிட்டுக் கனமான கிண்ணத்தை விற்காதீர்கள்.