இருவர் சேர்ந்து வீடு வாங்கும்போது: யார் எவ்வளவு போட்டது என்பதை எழுதி வையுங்கள்

இது இங்கிலாந்து, வேல்ஸில் வீடு வாங்குபவர்களுக்கு. ஸ்காட்லாந்தில் சட்டம் வேறு.

வீடு வாங்கும்போது, அதன் உரிமையை உங்கள் பெயருக்கு மாற்றும் டிஆர்1 என்ற படிவம் வரும். இருவர் பெயரில் வாங்கினால் அதன் 10-ஆவது பகுதியில் மூன்று கட்டங்கள் இருக்கும். முதலாவது 'ஜாயின்ட் டெனன்ட்ஸ்'. என் தோழி ஒருத்தி, "நாங்கள் ஜோடிதானே" என்று சொல்லி அதற்குச் சம்மதித்தாள். ஊரில் அவள் அப்பா காணி விற்று அனுப்பிய 40,000 பவுண்டும் அந்த முன்பணத்தில் இருந்தது. நான்கு வருடம் கழித்துப் பிரிந்தபோது வீட்டில் மிஞ்சியது பாதிப் பாதியாகவே பிரிந்தது. அப்பாவின் காணியைப் பற்றிப் பேச அங்கே இடமே இருக்கவில்லை.

ஜாயின்ட் டெனன்ட்ஸ் என்றால் யார் எவ்வளவு போட்டிருந்தாலும் இருவருக்கும் சமம். ஒருவர் இறந்தால், உயில் என்ன சொன்னாலும் வீடு மற்றவருக்கே போகும். 'டெனன்ட்ஸ் இன் காமன்' என்றால் தனித்தனிப் பங்கு. 60:40, 75:25 என எப்படியும் வைத்துக்கொள்ளலாம். சமமில்லாத பங்கு வேண்டுமானால் மூன்றாவது கட்டத்துக்குப் போய், யாருக்கு எவ்வளவு பங்கு என்று சொல்லும் 'டிக்ளரேஷன் ஆஃப் ட்ரஸ்ட்' என்ற ஆவணத்தை சொலிசிட்டரிடம் எழுதி வாங்குங்கள்.

அதில் சதவீதத்தை மட்டும் எழுதிவிட்டு நிற்காதீர்கள். 400,000 பவுண்டு வீட்டுக்கு ஒருவர் 60,000, மற்றவர் 20,000 முன்பணம் போட்டு, கடனை இருவரும் சரிபாதியாகக் கட்டுகிறார்கள் என்று வையுங்கள். பிறகு வீட்டை விற்று, வங்கிக் கடனைக் கட்டியதும் 200,000 மிஞ்சுகிறது. முன்பணத்தை அவரவருக்குத் திருப்பிவிட்டு மீதியைப் பாதியாகப் பிரித்தால் முதலாமவருக்கு 120,000, மற்றவருக்கு 80,000. முன்பண விகிதத்திலேயே, 75:25 என்று பிரித்தால் 150,000, 50,000. ஒரே வீடு, ஒரே பணம், 30,000 பவுண்டு வித்தியாசம். கடனைச் சரிபாதியாகக் கட்டுபவர்களுக்கு முதல் முறைதான் நியாயம் என்பது என் எண்ணம். ஆனால் விலை சரிந்து, மிஞ்சுவது 50,000 மட்டுமே என்றால் யார் எவ்வளவு இழப்பது? அதையும் எழுதுங்கள். ஒருவர் வேலை இழந்து தவணை கட்ட முடியாமல் போனால் என்ன, சமையலறையை இடித்துக் கட்டும் செலவு யார் கணக்கு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எழுதாமல் விட்டால் நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும் என்று இருக்க வேண்டாம். 2007-இல் ஸ்டாக் எதிர் டவ்டன் வழக்கில், பெரும்பங்கு போட்ட பெண்ணுக்கு 65 சதவீதம் கிடைத்தது உண்மை. அதற்கு அவர் அன்றைய உச்ச நீதிமன்றமான பிரபுக்கள் சபை வரை போராட வேண்டியிருந்தது.

நம்மவர்கள் சறுக்கும் இடம் இன்னொன்று. இங்கே ஒரு மண்டபத்தில் ஐயர் வைத்துத் தாலி கட்டிவிட்டு, பதிவுத் திருமணத்தைத் தள்ளிப்போடுகிறார்கள். சட்டப்படி பதிவாகாத அந்தச் சடங்கு இங்கே திருமணமே அல்ல. பிரியும்போது கணவன் மனைவிக்கு உள்ள சொத்துரிமை எதையும் கேட்க முடியாது. எத்தனை வருடம் சேர்ந்து வாழ்ந்தாலும் இதுதான். ஊரில் அந்த நாட்டுச் சட்டப்படி செல்லுபடியான திருமணம் பொதுவாக இங்கும் செல்லும். முறைப்படி மணந்தவர்கள் விவாகரத்துக்குப் போனால், நீதிமன்றம் இந்த டிக்ளரேஷன் ஆஃப் ட்ரஸ்ட் ஆவணத்தைப் பார்க்கும், ஆனால் அதற்குக் கட்டுப்பட்டது அல்ல. பிள்ளைகளின் தேவை முன்னே நிற்கும்.

பெற்றோர் பணம் தந்தால், வங்கி ஒரு கடிதம் கேட்கும்: இது அன்பளிப்பு, திருப்பிக் கேட்க மாட்டோம், வீட்டில் பங்கும் கேட்க மாட்டோம் என்று. உண்மையில் கடனாகத் தருகிறார்கள் என்றால் அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடவிடாதீர்கள். சொலிசிட்டரிடம் உள்ளதைச் சொல்லுங்கள். பணம் எங்கிருந்து வந்தது என்பதற்குக் காணி விற்ற பத்திரம், நகை விற்ற ரசீது, வங்கிக் கணக்கு எல்லாம் கேட்பார்கள். இப்போதே எடுத்து வையுங்கள்.

விசா, கடன் வரலாறு காரணமாக வீடு ஒருவர் பெயரில் மட்டும் இருந்து, மற்றவரும் பணம் போடுகிறார் என்றால், ஆவணம் இரட்டிப்பு அவசியம். அவர் பெயரே பத்திரத்தில் இல்லாதபோது தன் பங்கை அவரேதான் நிரூபிக்க வேண்டிவரும்.

"என்மேல் நம்பிக்கை இல்லையா?" என்ற கேள்வி வரும். "உன் அம்மாவின் சங்கிலி விற்ற பணமும் இதில் இருக்கு, அதையும் எழுதுவோம்" என்று சொல்லிப் பாருங்கள். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு அப்படித்தான் தொடங்கியது. இருவரும் தனித்தனி சொலிசிட்டரிடம் ஆலோசனை கேளுங்கள்; பிறகு 'என்னை வற்புறுத்திக் கையெழுத்து வாங்கினார்கள்' என்ற பேச்சு எழாது.

உயிலும் எழுதுங்கள். டெனன்ட்ஸ் இன் காமனில் ஒருவர் உயிலில்லாமல் இறந்தால், மணம் ஆகாத துணைக்கு அந்தப் பங்கு தானாக வராது. இங்கே திருமணம் செய்தால் பழைய உயில் பொதுவாகச் செல்லாமல் போகும், அப்போது மறுபடி எழுத வேண்டும்.

எல்லாம் முடிந்ததும், வீட்டு உரிமையைப் பதியும் அரச அலுவலகமான லேண்ட் ரெஜிஸ்ட்ரியிலிருந்து பதிவேட்டின் நகலை எடுங்கள். நீங்கள் டெனன்ட்ஸ் இன் காமன் என்றால், 'பி' பகுதியில், உரிமையாளர் ஒருவர் மட்டும் தனியாக நின்று வீட்டை விற்க முடியாது என்ற 'ஃபார்ம் ஏ' தடைக்குறிப்பு இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். இல்லையென்றால் அன்றே சொலிசிட்டரைக் கூப்பிடுங்கள்.