சிங்கப்பூர்ல ஹெல்த்டெக் கம்பெனிக்கு பிஆர் பண்றது எப்படி

ஹெல்த்டெக், அதாவது மருத்துவத் தொழில்நுட்ப ஸ்டார்ட்அப்ல பிஆர் (மக்கள் தொடர்பு) வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே ஃபவுண்டர் வந்து "ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்ல நம்ம நியூஸ் எப்ப வரும்"னு கேப்பாரு. சிரிச்சு சமாளிச்சுட்டு, ரெகுலேட்டரி, அதாவது அரசாங்க விதிமுறை வேலைகளப் பார்க்குற ஆள் யாருன்னு தேடிப் போங்க. சுகாதார அறிவியல் ஆணையத்துல (HSA) நம்ம சாமான் என்ன பயன்பாட்டுக்குன்னு பதிவாகியிருக்கு, எந்த வகுப்புன்னு கேளுங்க. மருத்துவ சாதனங்கள ஏ-லேந்து டி வரைக்கும் ஆபத்த வச்சுப் பிரிச்சிருக்காங்க, நோயைக் கண்டறியத்தான்னு செஞ்ச சாஃப்ட்வேரும் சாதனக் கணக்குதான். அந்தப் பதிவுல இருக்குற பயன்பாட்டு வரிய அப்படியே எடுத்து கண்ணு முன்னாடி வச்சுக்கோங்க, உங்க பிரஸ் ரிலீஸ் அந்த வரியத் தாண்டவே கூடாது.

உதாரணத்துக்கு, விழித்திரை படத்தப் பார்க்குற ஒரு ஏஐ ஆப்னு வச்சுக்குவோம். ஃபவுண்டர் அனுப்புற டிராஃப்ட்ல "சர்க்கரை நோயால் வரும் பார்வை இழப்பைத் தடுக்கும் புரட்சி"ன்னு இருக்கும். ஆப் எதையும் தடுக்கல. படத்துல சந்தேகமா ஏதாச்சும் இருந்தா காட்டிக் கொடுக்குது, அப்புறம் டாக்டர் பார்த்துதான் முடிவு பண்றாரு. அதனால "விழித்திரைப் படங்களில் கவனிக்க வேண்டிய மாற்றங்களை மருத்துவருக்குச் சுட்டிக்காட்டும்"னு மாத்துங்க. ஃபவுண்டர் மூஞ்சி வாடும், பரவால்ல. புரட்சின்னு பாத்தாலே ஹெல்த் நிருபர் மெயிலை மூடிடுவாங்க, சுட்டிக்காட்டும்னு எழுதினா எத்தனை பேர்கிட்ட சோதிச்சீங்கன்னு திருப்பிக் கேப்பாங்க, நமக்கு வேண்டியதும் அந்தக் கேள்விதானே.

ஆணையத்துல பதிவாயிருக்குன்னு சொல்றது வேற, ஆணையமே சிபாரிசு பண்ணுதுன்னு தொனிக்கிற மாதிரி எழுதுறது வேற, ரெண்டாவது விளம்பர விதிப்படி கூடாது. மருத்துவர்கள் மட்டும் பயன்படுத்துறதுக்குன்னு இருக்குற சாதனத்த பொதுமக்கள்கிட்ட விளம்பரம் பண்றதும் அப்படித்தான். நியூஸ்தானே அனுப்புறோம், விளம்பரமான்னு வாதாடிப் பாக்காதீங்க, ரெகுலேட்டரி ஆள் ஓகே சொன்னப்புறம் அனுப்புங்க.

ஆஸ்பத்திரி பேரைப் போடணும்னா அவங்க கார்ப்பரேட் கம்யூனிகேஷன்ஸ் சம்மதம் வேணும். சிங்ஹெல்த் மாதிரி பல ஆஸ்பத்திரிகள் சேர்ந்த பெரிய கிளஸ்டர்ல ஒரு டாக்டர் சொன்ன ரெண்டு வரிக்கு ஒப்புதல் வரவே வாரக்கணக்குல ஆகலாம், அதை மொதல்ல கணக்குல வச்சு தேதி குறிங்க. நோயாளி கதை வேணும்னா எழுத்துல சம்மதம் வாங்குங்க, படம் எங்கெங்க வரும்னு தெளிவா சொல்லிடுங்க, பிடிபிஏ (PDPA) எனப்படும் 2012 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி கொடுத்த சம்மதத்தை அவங்க பின்னாடி வாபஸ் வாங்கிக்கலாம்.

தமிழ் முரசு பேப்பர், 'செய்தி' தளம், ஒலி 96.8 ரேடியோ இதெல்லாம் கடைசியா ஞாபகம் வர்ற லிஸ்ட்டா வைக்காதீங்க. இங்க இந்தியர்கள்கிட்ட சர்க்கரை நோய் சீனர்கள விட அதிகம், அதனால அந்த மாதிரி ஆப் உண்மையிலேயே நம்ம ஆளுங்களுக்கான நியூஸ்தான். ஆங்கில ரிலீஸ மெஷின்ல போட்டு தமிழாக்கி அனுப்பிட்டு போடலியேன்னு வருத்தப்படுறதுல அர்த்தமில்ல. தமிழ்ல தடுமாறாம பேசுற டாக்டரோ நர்ஸோ ஒருத்தர தயார் பண்ணி வைங்க, ரேடியோல பத்து நிமிஷம் பேச ஆள் இருந்தா பாதி வேலை முடிஞ்சுது.

இப்ப யாரும் கேக்க விரும்பாத விஷயம், டேட்டா கசிவு. 2018ல சிங்ஹெல்த் மேல நடந்த இணையத் தாக்குதல்ல சுமார் 15 லட்சம் நோயாளிகளோட விவரம் போச்சு, ஜூலை 20 அன்னிக்கு வெளிய அறிவிச்சாங்க, பாதிக்கப்பட்டவங்களுக்கு மட்டும் இல்லாம பாதிக்கப்படாதவங்களுக்கும் எஸ்எம்எஸ் போச்சு. பிஆர் ஆளுக்கு அதுல பெரிய பாடம் அந்த எஸ்எம்எஸ்தான், ஏன்னா "என்னோடது போச்சா இல்லையா"ங்குறது ஒண்ணுதான் மக்களோட கேள்வி. 500 பேர் அல்லது அதுக்கு மேல பாதிச்சா, இல்லன்னா பெரிய தீங்கு வரும்னா, அறிவிக்கணும்னு முடிவான 3 நாளுக்குள்ள தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையத்துக்குச் சொல்லணும். அந்த 3 நாள்ல உக்காந்து அறிக்கை எழுத நேரம் இருக்காது. அதனால இப்பவே நாலு மொழியிலயும் எழுதி வைங்க: என்ன நடந்துச்சு, எந்த விவரம் போச்சு, எது போகல, யாரைக் கூப்பிடணும். போன் நம்பர் மட்டும் காலியா விடாதீங்க, அதை எடுக்குறவங்கள்ல ஒருத்தருக்காவது தமிழ் தெரிஞ்சிருக்கணும், பாட்டிமார் கூப்பிடுவாங்க.