படத்துக்குப் பதிப்புரிமை: பதியப் போன இடத்தில் தெரிந்தது

திருகோணமலைக் கோட்டைக்குள் நான் எடுத்த மான் படம் ஒரு விடுதியின் விளம்பரத் தட்டியில் கிடந்தது. என் பெயரும் இல்லை, என்னிடம் கேட்கவும் இல்லை. உடனே பதிப்புரிமை பதிய வேண்டும் என்று கிளம்பினேன். தடுக்கியது அங்கேதான்.

இலங்கையில் பதிப்புரிமைக்குப் பதிவு கிடையாது. கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகம் பதிவது வியாபாரக் குறி, ஆக்கவுரிமை (புதிய கண்டுபிடிப்புக்கான உரிமை) போன்றவற்றை. படம், பாட்டு, கவிதை எல்லாம் ஆக்கிய அந்த நேரத்திலிருந்தே 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. ஆக்கியவரின் ஆயுள் முழுக்க, அதற்குப் பிறகு 70 ஆண்டு. பதிப்புரிமை, ஆக்கவுரிமை எல்லாவற்றையும் ‘காப்புரிமை’ என்றே சொல்லிப் பழகியதால் வந்த குழப்பம் இது. வெறும் யோசனைக்கு உரிமை இல்லை என்பதும் நினைவிருக்கட்டும்.

சரி, பதிவு இல்லையென்றால் என்னுடையது என்று எப்படிக் காட்டுவது?

முதலில், ரோ கோப்பை (கமரா பதிந்த, மாற்றம் செய்யாத மூலக் கோப்பு) அழிக்காதீர்கள். அதற்கு முன்னும் பின்னும் எடுத்தவற்றையும் வைத்திருங்கள். அந்த மான் தலையைத் திருப்பும் ஏழு படங்களையும் வரிசையாகக் காட்டியதும் விடுதிக்காரர் பேச்சை நிறுத்திவிட்டார். தபால் முத்திரைத் திகதியைச் சாட்சியாக்கப் படத்தைத் தனக்குத் தானே தபாலில் அனுப்பி, உறையைப் பிரிக்காமல் வைப்பதை விட இதைத்தான் நான் நம்புகிறேன்.

அடுத்தது, கமரா மெனுவில் உங்கள் பெயரைப் போட்டு, திகதி, நேரம் சரியா என்று பாருங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் கோப்புக்குள் பதிந்திருக்கும் இந்த விபரங்கள் போய்விடும், டொக்கியுமென்ட்டாக அனுப்புங்கள்.

யாராவது எடுத்துப் போட்டால், முதலில் திகதி தெரிய ஸ்கிரீன்ஷொட். அப்புறம் எழுத்தில் கேளுங்கள்: அகற்றுவதா, பெயரும் பணமும் தருவதா? பேஸ்புக்கில் முறையிடத் தனிப் படிவம் உண்டு. பாவிக்க அனுமதி கொடுத்தால் எதற்கு, எங்கே, எவ்வளவு காலம் என்று எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்.

பின்சேர்க்கை: ஸ்டூடியோவில் சம்பளத்துக்குக் கலியாணப் படம் எடுக்கும் தம்பி ஒருவர், அவை யாருடையவை என்று கேட்டிருந்தார். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இல்லையென்றால் பொருளாதார உரிமை, அதாவது படத்தைப் பாவித்துப் பணம் பெறும் உரிமை, முதலாளிக்குத்தான். எடுத்தவர் என்று பெயர் போடச் சொல்லும் உரிமை தம்பியிடமே இருக்கும். அடுத்த வேலைக்குச் சேரும்போது அந்த ஒப்பந்தத்தை வாசித்த பிறகே கையெழுத்து வையுங்கள்.