போர்டு பாஸ் ஆகிவிட்டது, அப்புறம்?

ஏபிஆர் (மருத்துவ இயற்பியலாளர்களுக்குச் சான்றிதழ் தரும் அமெரிக்கக் கதிரியக்க வாரியம், நாங்கள் ‘போர்டு’ என்போம்) நடத்தும் வாய்மொழித் தேர்வு தேறிய அன்று, இனிப் படிப்புக்கு முழுக்கு என்று புத்தகங்களை அட்டைப்பெட்டியில் கட்டி அலமாரிக்கு அடியில் தள்ளினேன். அமெரிக்காவில் மருத்துவ இயற்பியலாளராக, அதாவது கதிர் சிகிச்சையிலும் ஸ்கேன் கருவிகளிலும் கதிர்வீச்சின் அளவைச் சரிபார்ப்பவராக, வேலை பார்க்கும் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். சான்றிதழிலும் முடிவுத் தேதி இருக்காது. 2002 முதல் தந்தவை பத்து வருடச் சான்றிதழ்கள். 2012 முதல் தேதி போடுவதில்லை. ஆனால் அது ஆயுளுக்கும் செல்லும் என்று யாரும் சொல்லவில்லை. வருடாவருடம் ஏபிஆர் உங்கள் கணக்கைப் பார்க்கும். வருடக் கட்டணமும் உண்டு.

முதலில் சான்றுகளைச் சேர்த்துவைக்க ஒரு ஃபோல்டர். இதை இன்றைக்கே செய்துவிடுங்கள். ஏபிஆர் தளத்தில் ‘கேட்டதையெல்லாம் முடித்துவிட்டேன்’ என்று நீங்கள் உறுதி சொன்னால் போதும், ஆவணம் கேட்க மாட்டார்கள். தணிக்கைக்கு உங்கள் பெயர் விழுந்தால்தான் கேட்பார்கள். என் பெயர் விழுந்தபோது, இரண்டு வருடத்துக்கு முந்தைய மாநாட்டுச் சான்று பழைய வேலையிடத்து மின்னஞ்சலில் கிடந்தது. நான் அங்கிருந்து கிளம்பி எட்டு மாதம் ஆகியிருந்தது, கணக்கையும் மூடிவிட்டார்கள். அதனால் எந்தச் சான்று வந்தாலும் அன்றைக்கே சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடுங்கள்.

அடுத்து வாரக் கேள்விகள். பத்து வருடத்துக்கு ஒருமுறை எழுதிய பெரிய தேர்வுக்குப் பதிலாக, நம் துறைக்கு 2020-இல் ஓஎல்ஏ என்ற தொடர் ஆன்லைன் மதிப்பீடு வந்தது. வாரம் இரண்டு கேள்வி. ஒவ்வொன்றும் நான்கு வாரம் காத்திருக்கும், பிறகு போய்விடும். வருடத்துக்கு 52 கேள்விக்காவது பதில் சொல்ல வேண்டும். மாதக் கடைசியில் உட்கார்ந்து எட்டையும் முடிப்பவர்கள் உண்டு. எனக்கு ஞாயிறு மாலை, டீ, இரண்டு கேள்வி என்பதுதான் ஒத்துவருகிறது. பதில் தப்பானால் பதற வேண்டாம். 200 கேள்விக்குப் பிறகுதான் மதிப்பெண்ணே பார்ப்பார்கள்.

பிறகு தொடர்கல்வி கிரெடிட். மூன்று வருடத்துக்கு 75. கிட்டத்தட்ட ஒரு மணி நேரத்துக்கு ஒன்று. ஒரு பகுதி தன்மதிப்பீட்டு வகையாக, அதாவது படித்ததை நாமே சோதித்துக்கொள்வதாக, இருக்க வேண்டும். கோடையில் நடக்கும் ஏஏபிஎம் (அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம்) ஆண்டு மாநாட்டுக்குப் போனால் ஒரே மூச்சில் நிறைய சேரும், மீதியை ஆன்லைனில் முடிக்கலாம். கருவி விற்கும் நிறுவனத்தின் பயிற்சிக்குப் போகிறீர்களா? அதற்கு கேம்பெப் (மருத்துவ இயற்பியல் கல்வியை அங்கீகரிக்கும் அமைப்பு) அங்கீகாரம் இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள். இல்லாமலும் நடத்துவார்கள்.

தரமேம்பாட்டு வேலை. மூன்று வருடத்துக்கு ஒன்று. புதியவர்கள் மிரள்வது இதற்குத்தான், ஆனால் இது ஆராய்ச்சிக் கட்டுரை இல்லை. உங்கள் கிளினிக்கில் தினமும் எரிச்சல் தருவது எதுவோ அதையே எடுங்கள். எங்களுக்கு அது கவுச், சிகிச்சையின்போது நோயாளி படுக்கும் மேசை. சிடி ஸ்கேனில் தெரியும் படுக்கை வேறு, கதிர் சிகிச்சை தரும் லீனாக் கருவியில் இருப்பது வேறு. விமேட் முறையில் கருவி நோயாளியைச் சுற்றிக்கொண்டே கதிர் தரும்; அதனால் அந்தச் சிகிச்சைத் திட்டத்தில், அதாவது பிளானில், கற்றை கீழிருந்தும் வரும். பிளானில் கவுச்சைச் சேர்க்க மறந்தால், அது விழுங்கும் டோஸ் கணக்கில் வராது. இயற்பியல் சரிபார்ப்பில் பிடித்துவிடுவோம், ஆனால் பிளானைத் திரும்பக் கணக்கிட வேண்டும், நோயாளியோ மறுநாள் வருவார்.

இதையே வேலையாக மாற்றுவது சுலபம். கடைசி 30 பிளான்களில் எத்தனையில் கவுச் விட்டுப்போயிருந்தது என்று எண்ணுங்கள். பிளான் டெம்ப்ளேட்டிலேயே கவுச்சைச் சேர்த்துவிடுங்கள். மூன்று மாதம் கழித்து இன்னொரு 30 எண்ணுங்கள். குறையவில்லையா, வேறு வழி பாருங்கள். என்ன பிரச்சினை, முன்பு எத்தனை, என்ன மாற்றினோம், பின்பு எத்தனை: ஒரே பக்கத்தில் எழுதி, தேதி போட்டு, ஃபோல்டரில் வையுங்கள்.

ஏபிஆரோடு முடியவில்லை. டெக்சாஸ், ஃபுளோரிடா, நியூயார்க், ஹவாய் மாநிலங்களில் தனி உரிமம் வேண்டும்; அதைப் புதுப்பிக்கும் தேதியும் தனி. மார்பக எக்ஸ்ரே எடுக்கும் மேமோகிராம் கருவிகளைச் சோதிப்பவர்களுக்கு எம்கியூஎஸ்ஏ (மேமோகிராம் தரச் சட்டம்) விதி வேறு: 36 மாதத்தில் 15 மணி நேரக் கல்வி, 24 மாதத்தில் குறைந்தது இரண்டு மையங்களில் மொத்தம் ஆறு கருவிகளைச் சோதித்திருக்க வேண்டும். பிரசவ விடுப்பிலோ வேலை மாற்றத்திலோ இந்த ஆறு சுலபமாகக் குறைந்துவிடும். அப்படிக் குறைந்தால், தகுதியுள்ள இன்னொரு இயற்பியலாளரின் நேரடி மேற்பார்வையில் மீதியைச் செய்து கணக்கை நேராக்க வேண்டியிருக்கும். விடுப்பு எழுதிக்கொடுக்கும் முன் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.