காமாக் கதிர் வெடிப்பைப் பற்றி எழுதும்போது நாம் விடும் பிழைகள்

வெடிப்பு வேறு, பின்னொளிர்வு வேறு. இரண்டையும் பிரிக்காமல் எழுதுவதுதான் முதல் பிழை, மற்றப் பிழைகளில் பாதி அதிலிருந்துதான் பிறக்கின்றன. ஒரு பாரிய விண்மீனின் மையம் இடிந்து விழும்போதோ, இரண்டு நியூத்திரன் விண்மீன்கள் (இறந்த விண்மீன்களின் மிக அடர்ந்த மையங்கள்) மோதி ஒன்றாகும்போதோ, ஒளியின் வேகத்தை நெருங்கிப் பாயும் ஒரு தாரை வெளிக்கிளம்புகிறது. அந்தத் தாரைக்கு உள்ளேயிருந்து வரும் காமாக் கதிர்தான் வெடிப்பு. ஒரு செக்கனுக்குள்ளும் முடியலாம், சில நிமிடங்களும் நீடிக்கலாம். அப்புறம் தாரை வெளியே இருக்கும் வாயுவில் போய் மோதுகிறது, அதிர்ச்சி அலை உண்டாகிறது, அங்கே முடுக்கப்படும் இலத்திரன்கள் காந்தப்புலத்தில் சுழன்று எக்ஸ் கதிர், கட்புல ஒளி, வானொலி அலை எல்லாவற்றையும் உமிழ்கின்றன. இது பின்னொளிர்வு. நாட்கணக்கில் தெரியும், வானொலி அலையில் என்றால் மாதக்கணக்கிலும் தெரியும். இந்த இரண்டாவது கட்டம் நடக்கும் விதம் நன்றாக விளங்கிவிட்டது. முதலாவதில் இன்னும் விவாதம் ஓயவில்லை: தாரைக்குள் வேகமான பகுதி மெதுவான பகுதியை முட்டுவதாலா, காந்தச் சக்தி வெளிப்படுவதாலா என்று. ஆகவே "காமாக் கதிர் இப்படித்தான் பிறக்கிறது" என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள்.

தூரத்தை வெடிப்பை வைத்து அளந்தார்கள் என்றும் எழுதுகிறார்கள். இல்லை. அணுகுண்டுச் சோதனைகளைக் கண்காணிக்க அமெரிக்கா அனுப்பிய வேலா செய்மதிகள் 1967இல் முதல் வெடிப்பைப் பதிந்தன, 1973இல் செய்தி வெளிவந்தது, அதற்குப் பிறகும் இருபது வருடத்துக்கு மேல் இவை நமது பால்வழிக்குள் நடக்கின்றனவா வெளியே நடக்கின்றனவா என்றே தீர்க்க முடியவில்லை, ஏனென்றால் கையில் இருந்தது அந்தச் சில செக்கன் காமாக் கதிர் மட்டும்தான். 1997 பெப்ரவரி 28இல் பெப்போசாக்ஸ் செய்மதி முதல் எக்ஸ் கதிர்ப் பின்னொளிர்வைப் பிடித்தது. அதே வருடம் மே 8 வெடிப்பின் கட்புலப் பின்னொளிர்வை ஹவாயில் உள்ள கெக் தொலைகாட்டி நிறமாலையாகப் பிரித்தபோதுதான் 0.835 என்ற செம்பெயர்ச்சி, அதாவது பிரபஞ்ச விரிவால் ஒளி சிவப்புப் பக்கம் நகர்ந்த அளவு, கிடைத்தது. அத்தோடு வழக்கு முடிந்தது, பால்வழிக்கு வெகு வெளியே.

இனி நமது ஊரோடு தொடர்புள்ள ஒன்று. 2022 ஒக்டோபர் 9இல் வந்த 221009ஏ (வெடிப்புகளுக்கு ஆண்டு, மாதம், நாள் சேர்த்துத்தான் பெயர்), பதிவானவற்றிலேயே மிகப் பிரகாசமான வெடிப்பு, திருகோணமலை நேரப்படி மாலை 6.47க்கு வந்தது. அன்று வப் போயா, முழுநிலா நாள். நிலவு கிழக்கே ஏறியிருக்க, திருவோண விண்மீன் ஏறத்தாழ நேர் உச்சியில் நின்றது, வெடிப்பு வந்த திசை அதிலிருந்து சற்று வடமேற்கே. அதாவது உப்புவெளிக் கடற்கரையில் நின்றவர்களின் தலைக்கு மேலேதான் அது நடந்தது! இதைக் கேட்டதும் "அப்போ நாங்கள் பார்த்திருப்போம்", "கதிர் எங்கள் மேல் பட்டிருக்கும்" என்று தாவுகிறார்கள். இரண்டும் பிழை. செய்மதிகள் கண்ட அந்தக் காமாக் கதிரை வளிமண்டலம் மேலேயே உறிஞ்சிவிடும், தரைக்கு வராது. ஆனால் உறிஞ்சப்பட்ட இடத்தில் வேலையைக் காட்டியது: வளிமண்டலத்தின் மேலே மின்னேற்றம் கொண்ட அடுக்கான அயன மண்டலம் குழம்பியது, இந்தியாவில் மின்னலைப் பதியும் கருவிகள்கூடத் தூண்டப்பட்டன. ஏறத்தாழ 190 கோடி ஆண்டு பயணித்து வந்த கதிர் இவ்வளவு செய்கிறது என்பதே போதுமான அதிசயம், கூட்டிச் சொல்லத் தேவையே இல்லை. கட்புலப் பின்னொளிர்வோ பால்வழித் தூசுக்குப் பின்னால் மங்கி, வெறுங்கண்ணுக்கு எட்டாத நிலையில் இருந்தது. வெறுங்கண்ணுக்கு எட்டிய ஒளி வந்தது 2008 மார்ச் 19 வெடிப்பில், அதுவும் அரை நிமிடமளவுக்குத்தான். நமக்கு அப்போது பகல் 11.43.

காமாக் கதிர் என்றாலே வெடிப்பு என்றும் நினைக்க வேண்டாம். அதே 221009ஏயில் சீனாவின் லாசோ ஆய்வகம் பதிந்த மிக உயர்சக்திக் காமாக் கதிர்கள் பெரும்பாலும் பின்னொளிர்வைச் சேர்ந்தவை. பிரிக்க வேண்டியது கதிரின் வகையை வைத்து அல்ல, அது தாரைக்குள்ளே பிறந்ததா, வெளியே மோதிய இடத்தில் பிறந்ததா என்பதை வைத்துத்தான்.

சக்தியில் விடும் பிழை பெரிது. "சூரியன் முழுவதையும் சக்தியாக மாற்றினால் எவ்வளவோ அவ்வளவு" என்ற கணக்கு, கதிர் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி பாய்ந்ததாக எடுத்துக்கொண்டு போட்டது. இரவில் கடலில் ஒரு படகிலிருந்து உங்கள் முகத்துக்கு நேரே டோர்ச் அடிக்கிறார்கள், அது நாலாபக்கமும் அதே பிரகாசத்தில் எரிகிறது என்று நம்பி பற்றரியின் அளவைக் கணக்கிட்டால் என்ன விடை வரும்? தாரை சில பாகை அகலம் மட்டுமே உள்ளது, ஆகவே உண்மைச் சக்தி பெரும்பாலும் நூறு மடங்குக்கும் மேல் குறைவு. இதைச் சொல்லித் தந்ததும் பின்னொளிர்வுதான்: ஒரு கட்டத்தில் எல்லா அலைநீளங்களிலும் ஒரே நேரத்தில் அது சட்டென்று வேகமாக மங்கத் தொடங்கும், அந்த முறிவு வரும் நேரத்திலிருந்து தாரையின் அகலத்தை மதிப்பிடலாம்.

இரண்டு செக்கன் விதியையும் வேதவாக்காக எடுக்காதீர்கள். இரண்டுக்குக் குறைந்தால் மோதல், கூடினால் விண்மீன் இடிவு என்பது பாடத்துக்குச் சரி. 2021 டிசம்பர் 11 வெடிப்பு ஏறத்தாழ 50 செக்கன் நீடித்தது, ஆனால் அடுத்த நாட்களில் தெரிந்தது மோதலுக்கே உரிய கிலோநோவா, அதாவது மோதலில் சிதறிய பொருளின் ஒளி. 2020 ஓகஸ்ட் 26இல் வந்தது ஒரு செக்கனளவு, அது இடிந்த விண்மீனிலிருந்து வந்தது. போதாததற்குப் பிரபஞ்ச விரிவு தொலைவில் உள்ளவற்றின் கால அளவையே நீட்டிக் காட்டும்.

கிலோநோவாவைப் பின்னொளிர்வு என்று எழுதுவதும் இதோடு சேர்ந்த பிழை. 2017 ஓகஸ்ட் 17இல் இரண்டு நியூத்திரன் விண்மீன்கள் மோதியதன் ஈர்ப்பலை வந்து 1.7 செக்கனில் காமாக் கதிர், 11 மணித்தியாலத்துக்குள் கட்புல ஒளி. அந்த ஒளிதான் கிலோநோவா, மோதலில் சிதறிய பொருளில் உருவான புதிய கதிரியக்கத் தனிமங்கள் சூடேற்றியது, பின்னொளிர்வு அல்ல. தாரை நம்மை நேரே நோக்கவில்லை என்பதால் பின்னொளிர்வு 9ஆம் நாளில் எக்ஸ் கதிராகவும் 16ஆம் நாளில் வானொலி அலையாகவும்தான் தெரிந்தது. வானொலி அலை மெதுவாகப் பயணிப்பதால் பிந்தியது என்று ஒரு விளக்கம் சொல்வார்கள், அதை நம்பாதீர்கள்.

கடைசியாக, தரவுகளை எடுத்து வரைபு வரையும் உயர்தர மாணவர்களுக்கு. பின்னொளிர்வை மடக்கை அச்சுகளில் வரைவதால் நேரத்தின் பூச்சியத்தை எங்கே வைக்கிறீர்கள் என்பது தொடக்கச் சரிவையே மாற்றிவிடும், 221009ஏயில் 6.47க்குக் கருவியைத் தூண்டியது ஒரு மெல்லிய முன்துடிப்பு, பிரதான வெடிப்பு வந்தது மூன்று நிமிடத்துக்கு மேல் பிந்தித்தான். தாய்ப் பால்வெளியின், அதாவது வெடிப்பு நடந்த விண்மீன் திரளின், ஒளியைக் கழிக்காமல் விட்டால் வளைவு கடைசியில் தட்டையாகும், அதைப் புதுக் கண்டுபிடிப்பு என்று எண்ண வேண்டாம். பெயரில் உள்ள திகதி சர்வதேச நேரப்படி, நமது கடிகாரம் ஐந்தரை மணித்தியாலம் முன்னே ஓடுகிறது. அதனால் திருகோணமலையில் விடியற்காலை 5.30க்கு முன் வந்த வெடிப்புக்கு முதல் நாளின் திகதிதான் இருக்கும்.