இயந்திரம் வந்தபோது என்ன நடந்தது? லீட்ஸ் மனுவை வைத்துப் படித்துப் பாருங்கள்

ஒரு புது இயந்திரம் வந்து மக்களின் பிழைப்பை எப்படி மாற்றியது என்று தெரிய வேண்டுமானால், அந்தக் காலத்து ஆட்களே எழுதிய இரண்டு தாள்களை எடுங்கள், அதுவும் ஒன்றோடொன்று மோதுகிற இரண்டாக இருக்கட்டும். ஒன்றை மட்டும் படித்தால் அதன் பக்கமே சாய்ந்துவிடுவோம்.

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரம் இதற்கு ரொம்பப் பொருத்தம். 1786இல் அங்குள்ள கம்பளித் தொழிலாளர்கள் செய்தித்தாளில் ஒரு மனு வெளியிட்டார்கள், 1791இல் அதே ஊர்த் துணி வணிகர்கள் இயந்திரங்களை ஆதரித்து ஓர் அறிக்கை விட்டார்கள். இரண்டும் சிறியவை. அமெரிக்காவின் ஃபோர்டாம் பல்கலைக்கழகத்தின் இணையத் தொகுப்பில் ஆங்கிலத்தில் இலவசமாகப் படிக்கலாம்.

முதலில் யார் யாருக்கு எழுதினார்கள் என்று பாருங்கள். மனு வணிகர்களையும் துணி உற்பத்தியாளர்களையும் நோக்கிப் பேசுகிறது. அதனால்தான் தங்கள் வறுமையோடு நிறுத்தாமல், இயந்திரத்தில் சீவிய கம்பளியால் (சீவுவது என்றால் நூற்பதற்கு முன் கம்பளி இழைகளைப் பிரித்துவிடும் வேலை) துணியே கெட்டுப்போகிறது என்றும் சொல்கிறார்கள். சரக்கை விற்கிறவர் காதில் உடனே ஏறக்கூடிய வாதம் அது.

அப்புறம் பேனாவை எடுத்து அவர்கள் கணக்கை நீங்களே போடுங்கள். லீட்ஸுக்குத் தென்மேற்கே 170 சீவும் இயந்திரங்கள், இரவு பகலாக ஓடும் ஒவ்வொன்றும் நாளுக்கு 20 பேர் வேலையைச் செய்கிறது, அதை ஓட்ட 8 பேர் போதும், ஆக இயந்திரத்துக்கு 12 பேருக்கு வேலை போச்சு. 170ஐ 12ஆல் பெருக்கினால் 2,040தான் வருகிறது, மனுவிலோ நாலாயிரம் என்று இருக்கிறது. மற்ற திசைகளிலும் ஏறக்குறைய அதே அளவு இயந்திரங்கள் இருக்கும் என்று வைத்துக்கொண்டு இரட்டித்திருக்கிறார்கள், அதை ஒளிக்கவும் இல்லை. எது கண்டது, எது ஊகம் என்று இப்படிப் பிரித்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஊகம் என்பதால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அவர்களுடைய பயம் எவ்வளவு பெரியது என்பதற்கு அதுவே சாட்சி.

இன்னோர் இடத்தில் நின்று படியுங்கள். வேறு தொழில் கற்றுக்கொள்ளச் சொல்கிறார்களே, கற்கும் காலத்தில் குடும்பத்துக்கு யார் சோறு போடுவது, கற்று முடிப்பதற்குள் இன்னொரு இயந்திரம் வந்து அதையும் பறித்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்கிறார்கள். 1786இல்! எனக்கு இந்த மனுவில் மிக முக்கியமான பகுதி இதுதான்.

இனி வணிகர்கள். சீவும் இயந்திரம் போல ஏற்கெனவே வந்தவை கையுழைப்பை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைத்தன, முதலில் எல்லாரும் பயந்தார்கள், ஆனால் கூலியும் வியாபாரமும் கூடின என்கிறார்கள். யாருடைய கூலி? சீவும் வேலையை இழந்தவருடையதா, புதிதாகச் சேர்ந்தவருடையதா? அறிக்கை பிரித்துச் சொல்லவில்லை, அந்தக் கேள்வியை ஓரத்தில் எழுதி வையுங்கள். கம்பளி நூற்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள், அவர்கள் பேச்சு இரண்டு தாளிலும் இல்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

மூன்றாவதாக ஒரு சட்டத்தைப் பக்கத்தில் வையுங்கள். வணிகர்கள் 1791இல் ஆதரித்தது நெய்த துணியின் மேற்பரப்பைச் செப்பனிடும் இயந்திரங்களை. 1812இல் லீட்ஸைச் சுற்றியுள்ள யார்க்‌ஷயர் தொழிலாளர்கள் உடைக்கப் போனதும் அந்த வேலைக்கான இயந்திரங்களைத்தான். பின்னல் தறிகளை உடைத்தால் மரண தண்டனை என்று அதே ஆண்டில் நாடாளுமன்றம் சட்டம் போட்டது, பிரபுக்கள் அவையில் கவிஞர் பைரன் எதிர்த்துப் பேசினார். 1813 ஜனவரியில் யார்க் நகரில் இந்தக் கலவரங்கள் தொடர்பான வழக்குகளில் 17 பேரைத் தூக்கிலிட்டார்கள். அந்த வழக்குகளின் சாட்சியங்களை அடுத்துத் தேடிப் படியுங்கள், இதே கேள்விகளோடு.